பார்க்கலாம் சார்

ஞாயிற்றுக்கிழமை காலை பதினொரு மணி. தி.நகர் உஸ்மான் சாலையில் ஒரு பெரிய கடையின் இரண்டாவது மாடி. சுவர் முழுக்க டிவி. எல்லாவற்றிலும் ஒரே கிளி பறக்கிறது, ஒரே தேன் வழிகிறது, ஒரே மாதுளம்பழம் பிளக்கிறது. அவற்றுக்கு நடுவே ஐம்பது சொச்சம் வயதில் ஒருவர் தரையில் மண்டியிட்டு, கழுத்தைச் சாய்த்து, ஒரு திரையின் கீழ் மூலையை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தால் அவரைக் கடை ஊழியர் என்று நினைத்து விலை கேட்டுவிடாதீர்கள். அவர் ஊழியர் இல்லை. ஆனால் அங்கிருக்கும் ஊழியர்கள் எல்லோரையும்விட அந்த மாடியில் சீனியர்.

அவர் சட்டைப்பையில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும்: ஓர் இன்ச் டேப், ஒரு பென் டிரைவ். பென் டிரைவில் படமோ பாட்டோ கிடையாது. முழுக் கருப்பு ஒன்று, ஐந்து சதவீதச் சாம்பல் ஒன்று, கருப்பில் வெள்ளைப் புள்ளிகள் ஒன்று. “தம்பி, அந்தக் கிளியை நிறுத்திட்டு இதைப் போடுங்க” என்பார். புதிதாகச் சேர்ந்த பையன் போடுவான். அடுத்த நொடி பதறுவான்.

“சார், டிவி ஆஃப் ஆயிடுச்சு!”

“ஆஃப் ஆகலை தம்பி. அதான் ஓஎல்இடி.”

அதே கருப்பைப் பக்கத்து டிவியில் போடச் சொல்வார். அது கழுவிய கரும்பலகை மாதிரி லேசாக வெளுத்துத் தெரியும். “இது ஆன்ல இருக்குன்னு தெரியுதுல்ல? அதான் எல்இடி.”

பையன் அசந்து நிற்கும்போது அடுத்த கோரிக்கை வரும். “இந்த மாடியில இருக்கற லைட்டையெல்லாம் ஒரு ரெண்டு நிமிஷம் அணைக்க முடியுமா?” அந்த இடத்தில் மேனேஜர் வந்துவிடுவார். அவருக்கு இவரைத் தெரியும். “சார், போன தீபாவளிக்கே வாங்கறேன்னீங்களே?” இவர் பென் டிரைவைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு சொல்வார்: “பார்க்கலாம்.”

நங்கநல்லூரில் எங்கள் அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறார். இன்சூரன்ஸ் கம்பெனியில் ஆடிட் பிரிவு. ஆதார் கார்டில் வேறு பெயர் இருக்கிறது. எங்களுக்கு அவர் ‘பார்க்கலாம் சார்’. 2018-லிருந்து “டிவி வாங்கியாச்சா?” என்று லிஃப்டில் கேட்கிறோம், அவர் “பார்க்கலாம் சார்” என்கிறார். தமிழில் இது ரொம்ப வசதியான சொல். கடன் கேட்டு வந்தவனுக்குச் சொல்லலாம், பெண் பார்த்துவிட்டுச் செருப்பு மாட்டும்போது சொல்லலாம், மனுவோடு நிற்பவனுக்குச் சொல்லலாம். டிவி விஷயத்தில் மட்டும் அதற்கு நேரான பொருள் ஒன்றும் உண்டு. அந்தப் பொருளில் அவர் வீட்டில் யாரும் அதைச் சொல்லி நான் கேட்டதில்லை.

இப்போது அங்கே இருப்பது 2011 உலகக் கோப்பைக்காக வாங்கிய 32 அங்குல எல்சிடி. தோனி அடித்த கடைசி சிக்ஸர் அதில்தான் போயிற்று. அதற்குப் பிறகு வலது மூலையில் ஒரு நிழல் விழுந்து, யார் அந்தப் பக்கம் போனாலும் துக்க வீட்டுக்குப் போய்வந்த முகமாகிவிடுகிறது. ரிமோட்டின் முதுகை ஒரு ரப்பர் பேண்ட் தாங்குகிறது. புது டிவி என்று முடிவெடுத்தபோது மகள் நான்காம் வகுப்பு. இப்போது பிளஸ் ஒன். “அடுத்த வருஷம் பப்ளிக் எக்ஸாம், இந்த நேரத்துல டிவி வாங்கினா நல்லாவா இருக்கும்?” என்று புதுக் காரணம் ஒன்றும் வயதுக்கு வந்திருக்கிறது.

பணம் இல்லாத மனிதர் என்று நினைக்காதீர்கள். 55 அங்குல ஓஎல்இடிக்கு லட்சத்துக்கு மேல் ஆகும் என்று தெரியும். அதற்கென்று தனியாக ஒரு ரெக்கரிங் டெபாசிட் போட்டு, அது முதிர்ந்து, புதுப்பித்து, மறுபடி முதிர்ந்துவிட்டது. குறை வேறு இடத்தில். அவருக்கு விஷயம் தெரியும். தெரிந்தவனுக்குத்தான் இந்த நோய் வரும்.

ஒரு நாள் மொட்டை மாடியில் எனக்குப் பாடம் எடுத்தார். “சாதாரண எல்இடி டிவிங்கறது எல்சிடிதான் சார். பின்னாடி ஒரு விளக்கு எந்நேரமும் எரியும். முன்னாடி லட்சக்கணக்கில குட்டிக் குட்டிக் கதவு. கருப்பு வேணும்னா கதவைச் சாத்தணும். எவ்வளவு இறுக்கிச் சாத்தினாலும் இடுக்குல வெளிச்சம் கசியும், தியேட்டர்ல எக்ஸிட் கதவுத் திரை மாதிரி. ஓஎல்இடியில பின்விளக்கே கிடையாது. ஒவ்வொரு புள்ளியும் ஒரு அகல். 82,94,400 அகல். கருப்பு வேணும்னா ஊதி அணைச்சுடும். அவ்வளவுதான்.”

“அப்போ இந்தக் க்யூஎல்இடி?”

“அதுவும் கதவு டிவிதான். குவாண்டம் டாட்னு ஒரு படலம் வச்சு வர்ணத்தை எடுப்பாக்குவாங்க. டாட் நிஜமாவே பெரிய விஷயம், 2023 வேதியியல் நோபல் அதுக்குத்தான் கொடுத்தாங்க. ஆனா பேரு இருக்கு பாருங்க, ஓவுக்கு ஒரு வால் முளைச்சா க்யூ. அந்த வாலைப் பிடிச்சுக்கிட்டுப் பாதி ஊர் ஏமாந்து வந்துடுது.”

“மினி எல்இடி?”

இந்த இடத்தில் முகம் கொஞ்சம் இளகும். “அது பரவாயில்லை. பின்விளக்கைப் பேட்டை பேட்டையாப் பிரிச்சுட்டாங்க. இருட்டு இருக்கற பேட்டையில மட்டும் அணைச்சுக்கலாம். ஆனா நடுவுல ஒரு நிலா வந்தா அந்தப் பேட்டை முழுக்க எரியணும். நிலாவைச் சுத்தி சாமி படத்துல இருக்கற மாதிரி ஒரு ஒளிவட்டம் வரும். சப்டைட்டிலுக்குக்கூட வரும். வில்லன் பேசற வசனத்துக்கெல்லாம் ஒளிவட்டம் வந்தா எப்படி சார்?”

இவ்வளவு தெளிவாகச் சொல்பவர் ஏன் வாங்கவில்லை என்று கேட்டால் அதற்கு ஒரு வரலாறு இருக்கிறது.

2018-ல் விலை அதிகம், இறங்கட்டும் என்றார். 2020-ல் ஊரே வீட்டில் அடைந்து டிவி பார்த்தது. கடை பூட்டியிருந்தது, கருப்பை நேரில் பார்க்காமல் வாங்கக் கூடாது என்றார். 2022-ல் க்யூடி ஓஎல்இடி வந்தது. அதுவரை பெரிய திரைகளில் வெள்ளை வெளிச்சத்தை வடிகட்டி வர்ணம் எடுத்தார்கள். இதில் நீல வெளிச்சத்தை டாட் மேல் விட்டுச் சிவப்பும் பச்சையும் எடுக்கிறார்கள். “முதல் வருஷ சரக்கு, பொறுக்கணும்” என்றார். 2023-ல் திரைக்குள் நுண்ணிய வில்லைகள் வைத்துப் பிரகாசத்தைக் கூட்டினார்கள். பொறுத்தது நல்லதாயிற்று என்றார். அந்த வருடம் நவம்பர் 19-ல் அகமதாபாத்தில் நம் கோப்பை ஆஸ்திரேலியாவுக்குப் போனது. ஊரே சாப்பிடாமல் படுத்த அந்த இரவில் அவர் மட்டும் நிம்மதியாக இருந்தார். “நல்லவேளை வாங்கலை. வாங்கியிருந்தா இதை இன்னும் தெளிவாப் பார்த்திருக்கணும்.” 2025-ல் வில்லையை எடுத்துவிட்டு நாலு அடுக்கு ஓஎல்இடி வந்தது. அதே வருடம், பின்விளக்கையே சிவப்பு, பச்சை, நீலம் என்று பிரித்து ஆர்ஜிபி மினி எல்இடியும் வந்தது. இரண்டையும் ஒரே மாதத்தில் படித்ததில் அவருக்கு இரண்டு கிலோ இளைத்தது.

ஜனவரி வந்தால் நமக்குப் பொங்கல். அவருக்கு லாஸ் வேகாஸ். அங்கே நடக்கும் சிஇஎஸ் கண்காட்சியில் அந்த வருட மாடல்களைக் காட்டிவிடுவார்கள். கரும்பு கடித்துக்கொண்டே அவற்றைப் பார்த்து, போன வருட மாடலை வாங்காததற்காகச் சூரியனுக்கு நன்றி சொல்வார். ஆடித் தள்ளுபடியில் புது மாடல் விலை இறங்கவில்லை என்று காத்திருப்பார். தீபாவளிக்கு இறங்கும்போது, இன்னும் மூன்று மாதத்தில் ஜனவரி.

இதற்கிடையில் சுவர். 65 அங்குலமா 55 அங்குலமா என்ற கேள்வி 2019-ல் எழுந்தது. சோபாவிலிருந்து சுவருக்கு எட்டரை அடி. கணக்குப்படி 65 சரி. ஆனால் கண்ணுக்கு எப்படி இருக்கும்? செய்தித்தாள்களை ஒட்டி, 57 அங்குல அகலம், 32 அங்குல உயரத்தில் ஒரு செவ்வகம் செய்து செலோடேப்பால் சுவரில் ஒட்டினார். ஒரு வாரம் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம் என்று ஏற்பாடு. அது இன்றும் அங்கேயே இருக்கிறது. ஓரம் பழுத்துவிட்டது. விருந்தாளிகள் காபி வரும்வரை அதைப் படிக்கிறார்கள். எண்பது வயது அம்மா அதிலுள்ள நீத்தார் அறிவிப்புகளை மனப்பாடமாகச் சொல்வார். பார்க்கப்போனால் அதைவிட நல்ல திரை கிடைக்காது. கண்ணாடிப் பளபளப்பு இல்லை, எந்தக் கோணத்திலிருந்தும் தெரிகிறது, கரண்ட் செலவு பூஜ்யம். பர்ன் இன் மட்டும் உண்டு: ஆறு வருடமாக ஒரே செய்தி பதிந்து நிற்கிறது.

பர்ன் இன் என்ற சொல்லை அவர் முன்னால் சத்தமாகச் சொல்லக் கூடாது. ஓஎல்இடியில் ஒவ்வொரு புள்ளியும் எரிய எரியத் தேயும். ஒரே உருவம் ஒரே இடத்தில் மாதக்கணக்கில் நின்றால் அந்த இடம் மட்டும் அதிகம் தேய்ந்து, பிறகு எதைப் போட்டாலும் அந்த உருவம் ஆவி மாதிரி மங்கலாகத் தெரியும். இதைப் படித்த அன்றைக்கு அவர் தன் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் பார்ப்பதை ஒரு நோட்டில் குறித்துக்கொண்டார். காலை ஐந்தரையிலிருந்து பக்திச் சேனல், மூலையில் அசையாத சின்னம். எட்டு மணிக்குச் செய்தி, கீழே சிவப்புப் பட்டை. நம் தமிழ்ச் செய்திச் சேனல்களில் பிரேக்கிங் நியூஸ் பட்டை இல்லாத நேரம் என்று ஒன்று இருக்கிறதா? மத்தியானத்திலிருந்து சீரியல், இன்னொரு மூலையில் இன்னொரு சின்னம். கூட்டிப் பார்த்தார். மௌனமாக எழுந்து போய்த் தண்ணீர் குடித்தார்.

அதைவிடப் பெரிய சிக்கல் பிளக்கில் இருந்தது. இந்தத் தேய்மானத்தைச் சரிக்கட்ட டிவியே ஒரு வேலை செய்துகொள்ளும். சுமார் நாலு மணி நேரம் ஓடியபின் ரிமோட்டில் அணைத்தால், எல்லோரும் தூங்கும்போது ஓசைப்படாமல் தன் புள்ளிகளைத் தானே பரிசோதித்துச் சமன்செய்துகொள்ளும். ஒரே நிபந்தனை, சுவரிலுள்ள சுவிட்சை அணைக்கக் கூடாது. ஆனால் அவர் அம்மா இரவு ஒன்பதரைக்கு மூன்று காரியம் செய்யாமல் படுத்ததில்லை: கேஸ் சிலிண்டரை மூடுவது, வாசல் தாழ்ப்பாளை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பது, டிவி சுவிட்சை அணைப்பது. மழைக்காலத்தில் நாலாவதும் உண்டு.

“டேய், மின்னல் வெட்டுது பாரு. பிளக்கைப் புடுங்கு. கேபிள் வயரையும் புடுங்கு.”

“அம்மா, புது டிவி வந்தா ராத்திரி சுவிட்சை அணைக்கக் கூடாதும்மா. அது தன்னைத்தானே சரி பண்ணிக்கும்.”

“வீட்ல எல்லாரும் தூங்கற நேரத்துல அதுக்கு என்னடா வேலை?”

ஓஎல்இடிக்கு எதிராக உலகத்தில் எழுதப்பட்ட எத்தனையோ வாதங்களைப் படித்தவர் அவர். இந்தக் கேள்விக்கு மட்டும் பதில் அகப்படவில்லை.

அகப்படாத இன்னொன்று கேபிள். அம்மாவின் சீரியல் வரும் செட் டாப் பாக்ஸ் கொடுக்கும் படத்தில் 720-க்கு 576, அதாவது 4,14,720 புள்ளி. 4கே திரையில் இருப்பது சரியாக அதைப்போல் இருபது மடங்கு. ஒரு புள்ளியின் சங்கதியை இருபது புள்ளிகள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். கல்யாண வீட்டில் பால் தீர்ந்தபின் வந்தவர்களுக்குக் காபி கலப்பது மாதிரி. “லட்ச ரூபாய்க்கு வாங்கி இதையா ஊத்தறது?” என்பார் வலியோடு.

இவ்வளவு குழம்புகிற மனிதர் அடுத்தவர் விஷயத்தில் காட்டும் வேகத்தைப் பார்த்தால் நம்ப மாட்டீர்கள். எங்கள் அடுக்ககத்தில் பதினொரு டிவி அவர் சொல்லி வாங்கியது. யார் கேட்டாலும் கைநாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி மூன்றே கேள்வி. சோபா எவ்வளவு தூரம்? ஜன்னல் எந்தப் பக்கம்? என்ன பார்ப்பீங்க? முடிந்தது. முதல் மாடிக்காரர் விளக்கணைத்துப் படம் பார்ப்பவர், அவருக்கு 55 அங்குல ஓஎல்இடி. இரண்டாம் மாடியில் நாள் முழுக்கச் செய்தி, அவர்களுக்குச் சாதாரண 43 அங்குல எல்இடி, “மிச்சக் காசுல ஒரு சவுண்ட் பார் வாங்குங்க, நியூஸ்ல காதுக்குத்தானே வேலை?” எனக்கு மினி எல்இடி. “உங்க பால்கனி டிவிக்கு எதிர்ல இருக்கு சார். ஓஎல்இடி போட்டீங்கன்னா மத்தியான மேட்ச்ல நீங்க லுங்கியோட உட்கார்ந்திருக்கறதுதான் தெரியும்.” அதோடு, வந்ததும் விவிட் மோடை மாற்று, ஃபிலிம்மேக்கர் மோடு போடு, படத்தை வழவழப்பாக்கும் அமைப்பை அணை, இல்லாவிட்டால் நொடிக்கு 24 பிரேமில் எடுத்த மணிரத்னம் படமும் மெகா சீரியல் மாதிரி நழுவும் என்று மருந்துச்சீட்டும் எழுதிக் கொடுப்பார். பதினொரு பேரும் சந்தோஷமாக இருக்கிறோம்.

அவர் மட்டும் ஒப்பீட்டு அட்டவணையோடு இருக்கிறார். எக்செல்லில் 43 வரிசை. நிட்ஸ் எத்தனை, டால்பி விஷன் உண்டா, எச்டிஎம்ஐ 2.1 எத்தனை துளை, கால் இரண்டும் எவ்வளவு அகலம். ராத்திரி எல்லோரும் படுத்தபின் போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, இரண்டு டிவிகளைப் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கருப்பை ஒப்பிடும் வீடியோக்களைப் பார்ப்பார். ஒரு தடவை கேட்டேன்.

“உங்க போன் என்ன ஸ்க்ரீன் சார்?”

“அமோலெட்.”

“அதுவும் ஓஎல்இடிதானே? அப்போ அந்த வீடியோவில தெரியற கருப்பு அந்த டிவியோடதா, உங்க போனோடதா?”

மூன்று மாடி லிஃப்டில் இறங்கும்வரை அவர் பேசவில்லை. ஏழு வருடமாகச் சட்டைப்பையில் இன்ச் டேப்புக்குப் பக்கத்திலேயே ஓர் ஓஎல்இடி இருந்திருக்கிறது.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அவர் முதன்முதலில் டிவி பார்த்தது அடுத்த வீட்டு ஜன்னல் வழியாக. மாம்பலத்தில் ஒண்டுக்குடித்தனம், தெருவில் ஒரே ஒரு வீட்டில் சாலிடேர், மரப்பெட்டிக்குள், இழுத்து மூடும் கதவோடு. வெள்ளிக்கிழமை ‘ஒளியும் ஒலியும்’ போட்டால் உள்ளே உட்கார இடம் இருக்காது. ஜன்னல் கம்பி இரண்டு கதாநாயகியின் முகத்தில் குறுக்கே ஓடும். கருப்பு வெள்ளைத் திரைக்கு முன்னால் நீலக் கண்ணாடித்தாள் ஒட்டியிருப்பார்கள், எம்.ஜி.ஆரும் நீலம், மாடும் நீலம். மொட்டை மாடியில் ஒருவன் ஆன்டெனாவைத் திருப்பிக்கொண்டு “வருதா? வருதா?” என்று கத்துவான். “அன்னைக்குக் கருப்பு எவ்வளவு கருப்புன்னு யாரு சார் பார்த்தா?” என்று அவரே ஒரு நாள் சொன்னார். சொல்லிவிட்டுப் போனை எடுத்து விலை இறங்கியிருக்கிறதா என்று பார்த்தார்.

எங்கள் வாட்ச்மேனிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 2006-ல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் அவர் ஊர் வீட்டுக்கும் ஒன்று வந்தது. “ஒரே அளவு, ஒரே மாடல், விலை சும்மா. என்னத்தைங்க சார் ஒப்பிடறது? கார்டைக் காட்டினோம், தலையில தூக்கிவச்சுக்கிட்டு வந்தோம்.”

2025 செப்டம்பர் 22-ல் கடைசித் தடையும் விலகியது. 32 அங்குலத்துக்கு மேற்பட்ட டிவிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18-க்கு இறங்கியது. வரிக்கு முன் லட்ச ரூபாய் என்றால் பத்தாயிரம் மிச்சம். காலை பத்து மணிக்கே கடைப் பையன் போன் செய்துவிட்டான். “சார், குறைஞ்சுடுச்சு சார். நோ காஸ்ட் இஎம்ஐ, எக்ஸ்சேஞ்சும் போட்டுக்கலாம்.” அடுக்ககமே மூன்றாம் மாடியை அண்ணாந்து பார்த்தது. சாயங்காலம் அவர் கீழே வந்து, எங்கள் நடுவில் நின்று, தீர்ப்புச் சொன்னார்: “28, 18 ஆகும்னு யாராவது நினைச்சோமா? அப்போ 18 இன்னும் இறங்காதுன்னு என்ன நிச்சயம்?”

அவர் டிவி பார்த்து நான் பார்த்தது ஒரே ஒரு நாள்தான். 2024 ஜூன் 29, டி20 உலகக் கோப்பை இறுதி ஆட்டம். வலது மூலை நிழலில் ஸ்கோர் தெரியவில்லை என்று குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். வந்தவர் உட்காரவில்லை. தான் எழுதிக் கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று சோபாவுக்குப் பின்னால் நின்று, ஒளிவட்டம் வருகிறதா என்று ஸ்கோர் பட்டையையே பார்த்துக்கொண்டிருந்தார். தென் ஆப்பிரிக்கா ஜெயித்துவிடும்போல் இருந்தபோது ஒரு கை சோபா முதுகைப் பற்றியது. பும்ரா பந்தை வாங்கியபோது தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். எப்போது உட்கார்ந்தார் என்று யாரும் கவனிக்கவில்லை.

கடைசி ஓவர். 16 ரன் வேண்டும். ஹர்திக் ஓடி வர ஆரம்பிக்கவில்லை, அதற்குள் மேல் மாடியிலிருந்து “ஐயோ!” என்று ஒரு குரல், அதன் பின்னாலேயே காது கிழியும் கூச்சல். அவர்கள் வீட்டில் கேபிள், பழைய டப்பா டிவி. இணையத்தில் வரும் நம் படம் அதற்குப் பல நொடி பிந்தி ஓடும். தெளிவில் இருபது மடங்கு முன்னால் இருந்த நாங்கள், சேதியில் பின்தங்கி, அழுவதா ஆடுவதா என்று தெரியாமல் உறைந்திருந்தோம்.

அந்த நிசப்தத்தில் அவர் மனைவி, நல்ல மனுஷி, மெல்லக் கேட்டார். “என்னங்க, படம் நல்லாத்தானே இருக்கு? இதே மாதிரி ஒண்ணு நாமளும் வாங்கிடலாமே?”

மில்லர் மட்டையை வீசினார். பந்து மேலே போனது. எல்லைக் கயிற்றை நோக்கிச் சூர்யகுமார் ஓடிவந்துகொண்டிருந்தார். இவர் திரும்பவில்லை, கண் இமைக்கவில்லை, மனைவி பக்கம் ஒரு கையை மட்டும் உயர்த்தினார்.

“உஸ்ஸ்... பார்க்கலாம்.”